இருண்ட திரையும் ஆராயும் அறிவும்



சபரகமுவ மாகாணத்திலே, இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குக் கணினி என்னும் கருவி வந்து சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கொழுந்துக் கூடையும் பால்வாளியும் சுமந்த கைகளின் பிள்ளைகள் இன்று விசைப்பலகையிலே விரல் பதிக்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆயின், வந்த கருவி வந்தவாறே நின்று பயன் தருகின்றதா என்பது வேறொரு வினா. அவ்வினாவின் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன். கணினி இருக்கின்றது, அதனுடன் இணைத்த திரையும் இருக்கின்றது, ஆனால் திரையிலே படம் வரவில்லை. அப்பொழுது நாம் செய்ய வேண்டியது யாது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இஃது அற்பமான பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதைக் காட்டச் சில செய்திகளைக் கூறுகிறேன். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்நாட்டிலே தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நிறுவப்பட்டது. அதன் முயற்சியால் ‘நெனசல’ என்னும் அறிவகங்கள் கிராமந்தோறும் எழுந்தன. நகரத்துக்கு அப்பால் வாழும் மக்களுக்குக் கணினியை அறிமுகம் செய்த அத்திட்டத்துக்கு 2014ஆம் ஆண்டில் கேட்ஸ் அறக்கட்டளையின் பன்னாட்டு விருதும் கிடைத்தது. பாடசாலைகளிலே தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாயிற்று. சாதாரணதரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் மாணவர் அதனைக் கற்கின்றனர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தே கற்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது. கையிலே காசில்லாத பெற்றோர்கூடக் கடன்பட்டு ஒரு கருவியைத் தேடினர். மேல்மூடித் திரை உடைந்த பழைய மடிக்கணினியை வாங்கி, வேறொரு பழைய திரையுடன் பொருத்திப் பயன்படுத்தும் வீடுகள் இன்றும் உள. பாடசாலைகளிலும் நன்கொடையாக வந்த கணினி ஓரிடத்தது, திரை வேறோரிடத்தது, இரண்டையும் இணைக்கும் கம்பி மூன்றாமிடத்தது. இவ்வாறு சேர்ந்த குடும்பத்திலே பிணக்கு உண்டாவது இயல்பே.

பிணக்கு உண்டானால் நடப்பது என்ன? திரை இருண்டவுடன் ‘கணினி செத்துவிட்டது’ என்று தீர்ப்புக் கூறப்படுகின்றது. அக்கணினி ஒரு மூலையிலே துணி போர்த்தி வைக்கப்படுகின்றது. அன்றேல், தகப்பனார் ஒருநாள் வேலையை விட்டு, அதனைச் சாக்கிலே கட்டி, பேருந்தேறி இரத்தினபுரிக்கோ, பலாங்கொடைக்கோ, அவிசாவளைக்கோ கொண்டு செல்கின்றார். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர 2021ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அது 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவு வருவாயில் ஒருநாட் சம்பள இழப்பும், பேருந்துக் கட்டணமும், பழுதுபார்ப்போர் கூலியும் சேர்ந்தால் எத்தகைய சுமை என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இத்தனையும் செலவழித்த பின், கம்பியின் ஒரு முனை சற்றுத் தளர்ந்திருந்தது என்பதே காரணமாயின், அந்தச் செலவு கருவிக்காகச் செய்த செலவன்று. அறியாமைக்குச் செலுத்திய வரி.

நகரத்துத் தொழில்நுட்பவியலாளரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர் தீர்க்க வேண்டிய பழுதுகள் உண்டு. அவற்றையும் பின்னர்க் கூறுவேன். நாமே தீர்க்கக்கூடியது எது, அவரிடம் கொண்டுசெல்ல வேண்டியது எது எனப் பகுத்தறியும் அறிவே நமக்கு வேண்டுவது.

நேயர்களே, தோட்டத்திலே வாழ்வோர் எல்லோரும் அறிந்த ஒரு காட்சியை இங்கே நினைவுகூர்வோம். மலையுச்சியிலே ஊற்று, அதன் அருகே தொட்டி, தொட்டியிலிருந்து லயத்து வாசல்வரை குழாய், குழாயின் முடிவிலே பீலி. ஒருநாட் காலையிலே பீலியைத் திறந்தால் நீர் வரவில்லை. அப்பொழுது ‘ஊற்று வற்றிவிட்டது’ என்று எவரும் உடனே கூறுவதில்லை. பீலி அடைபட்டதா என்று பார்க்கின்றோம். பின் குழாய் வழியே மேலேறி, எங்கேனும் உடைந்ததா, இலை அடைத்ததா என்று நோக்குகின்றோம். கடைசியாகவே தொட்டியையும் ஊற்றையும் சென்று காண்கின்றோம். கணினியும் திரையும் இணைந்த அமைப்பும் இத்தகையதே. கணினி ஊற்று, கம்பி குழாய், திரை பீலி. படம் என்னும் நீர் வராதபோது பீலியிலிருந்து தொடங்கி ஊற்றை நோக்கிப் படிப்படியாகச் செல்லுதலே முறை. இம்முறையை அறிந்தவன் பாதிப் பழுதைத் தீர்த்தவனாவான்.

முதலிலே திரையை நோக்குவோம். திரையின் கீழ்விளிம்பிலோ ஓரத்திலோ ஒரு சிறு விளக்கு உண்டு. அது சிறிதும் ஒளிரவில்லையாயின் திரைக்கு மின்சாரமே வரவில்லை. கணினிக்கும் படத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அப்பொழுது சிந்திக்க வேண்டியதில்லை. சுவரிலுள்ள சுவிச்சு போடப்பட்டுள்ளதா, பிளக் நன்கு பொருந்தியுள்ளதா, திரையின் பின்புறத்திலே மின்கம்பி முழுமையாக உட்சென்றுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அதே துளையிலே ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் மின்சாரம் உண்டா இல்லையா என்பது ஒரு கணத்திலே தெரிந்துவிடும். சில திரைகளுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி தனியே உண்டு. அது பழுதாவதும் உண்டு.

விளக்கு ஒளிர்கின்றது, ஆயினும் படமில்லை எனின், திரை பேசுகின்றதா என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலான திரைகள் இயக்கியவுடன் சில விநாடிகள் தம் உற்பத்தியாளரின் இலச்சினையைக் காட்டும். அதன்பின் ‘நோ சிக்னல்’ என்று எழுதிக் காட்டினால், ‘நான் நலமாயுள்ளேன், எனக்குச் செய்தி வரவில்லை’ என்று அது கூறுகின்றது என்பது பொருள். அதைப் படித்தவுடன் திரை பழுது என்று எண்ணுவது பெருந்தவறு. உண்மையிலே பழுதான திரைக்கு அவ்வாறு எழுதிக் காட்டும் வலிமை பெரும்பாலும் இராது. இவ்வெழுத்தைக் கண்டால் திரையை விடுத்துக் கம்பியையும் கணினியையும் ஆராய்க.

இங்கே ஒரு சிறு தடை உண்டு. ஒரே திரையிலே இரண்டு அல்லது மூன்று வகையான வாயில்கள் இருக்கக்கூடும். கம்பி ஒரு வாயிலிலே செருகப்பட்டிருக்க, திரை மற்றொரு வாயிலை நோக்கிக் காத்திருக்கலாம். விருந்தினர் முன்வாசலிலே நிற்க, வீட்டுக்காரர் பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஒருவரும் வரவில்லையே’ என்று வருந்துவது போன்றது இது. திரையின் ஓரத்திலுள்ள பொத்தான்களுள் ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ எனக் குறிக்கப்பட்டதை அழுத்திச் சரியான வாயிலைத் தெரிவு செய்ய வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகப் பயன்படுத்துவோர் இதனை முதலிலே கவனித்தல் நன்று.

இன்னொரு நிலையும் உண்டு. எழுத்துமில்லை, படமுமில்லை, விளக்கு மட்டும் ஒளிர்கின்றது. அறையை இருளாக்கி, டோர்ச் விளக்கின் ஒளியைத் திரைமேல் சாய்வாகப் பாய்ச்சி உற்றுநோக்குக. மங்கலாகப் படம் தெரியுமாயின், படம் வந்து சேர்ந்துள்ளது. அதன் பின்னிருந்து ஒளிதரும் விளக்கே அணைந்துள்ளது. அது பழுதுபார்ப்போர் செய்ய வேண்டிய வேலை. ஆயினும், ‘பின்னொளி எரியவில்லை’ என்று சொல்லிக் கொடுப்பதற்கும், ‘எதுவும் தெரியவில்லை’ என்று சொல்லிக் கொடுப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

அடுத்துக் குழாயாகிய கம்பியிடம் வருவோம். நமது தோட்டப் பாடசாலைகளிலே காணப்படும் பழைய திரைகளுட் பெரும்பாலானவை வி.ஜி.ஏ. என்னும் வகையைச் சேர்ந்தவை. 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகம் செய்த வகை அது. நீல நிறத் தலையும், இரு புறமும் திருகாணிகளும், வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசையிலே பதினைந்து ஊசிகளுக்கு இடமும் உடையது. அதன்பின் வந்தது எச்.டி.எம்.ஐ. எனப்படும் தட்டையான வகை. 2002ஆம் ஆண்டின் இறுதியிலே வகுக்கப்பட்ட அதில் 19 தொடுப்புகள் உள. 2006ஆம் ஆண்டிலே டிஸ்பிளே போர்ட் என்பதும், 2014ஆம் ஆண்டிலே எப்பக்கமாகச் செருகினும் பொருந்தும் யூ.எஸ்.பி.–சி என்பதும் வந்தன.

வி.ஜி.ஏ. கம்பியிலே திருகாணிகளை முடுக்காமல் விடுவதே முதற்பிழை. மேசையைத் துடைக்கும்போது கம்பி சற்று அசைந்தாலும் தொடர்பு அறும். ஆகவே, இரு முனைகளையும் கழற்றி, மீண்டும் நேராகச் செருகி, இரு திருகாணிகளையும் விரலாலே முடுக்குக. கழற்றியபோது ஊசிகளை நோக்குக. ஓர் ஊசி வளைந்திருந்தால், மெல்லிய இடுக்கியாலே பொறுமையாக நிமிர்த்தலாம்; அவசரப்பட்டால் முறிந்துபோகும். இங்கே ஓர் எச்சரிக்கை: நடு வரிசையிலே ஓர் ஊசி இல்லாதிருப்பதைக் கண்டு கம்பி பழுதென்று எறிந்துவிடாதீர்கள். ஒன்பதாம் ஊசி பல கம்பிகளிலே தொடக்கத்திலிருந்தே இருப்பதில்லை.

வி.ஜி.ஏ. கம்பி தன் நோயை நிறத்தினாலே சொல்லும் இயல்புடையது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் தனித்தனி ஊசிகள் வழியே அது கொண்டுசெல்கின்றது. மூன்றும் சேர்ந்தால் வெண்மை தோன்றும். வெள்ளைத் தாள் போலத் தோன்ற வேண்டிய பகுதி மஞ்சளாகத் தோன்றினால் நீலம் வரவில்லை. அது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தோன்றினால் சிவப்பு வரவில்லை. கத்தரிப்பூ நிறம் கலந்த செம்மையாகத் தோன்றினால் பச்சை வரவில்லை. இவ்வாறு திரை முழுவதும் ஒரு நிறம் படர்ந்ததைக் கண்டால் ‘திரையின் ஆயுள் முடிந்தது’ என்று கூறுவோர் பலர். உண்மையில் வளைந்த ஓர் ஊசியோ, உள்ளே அறுந்த ஒரு நூற்கம்பியோ அதற்குக் காரணமாயிருத்தல் பெரும்பாலும் உண்டு. வேறொரு கம்பியை மாற்றினால் நிறம் மீண்டும் வந்துவிடும்.

கம்பிகளுக்கிடையே மாற்றுக் கருவிகளைப் பயன்படுத்துவோரும் கவனமாயிருத்தல் வேண்டும். புதிய கணினியிலே எச்.டி.எம்.ஐ. வாயில் மட்டும் உண்டு. பழைய திரையிலே வி.ஜி.ஏ. வாயில் மட்டும் உண்டு. இரண்டையும் இணைக்கும் சிறு கருவி கடைகளிலே கிடைக்கும. அது ஒருவழிப் பாதை போன்றது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் கருவி, எதிர்த்திசையிலே வேலை செய்யாது. பழைய கணினியையும் புதிய தொலைக்காட்சியையும் இணைக்க விரும்புவோர் அதற்கென உள்ள வேறு கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். அவ்வாறே, யூ.எஸ்.பி.–சி வாயில் உள்ள மடிக்கணினி எல்லாம் படத்தை வெளியே அனுப்பும் என்று எண்ணுதலும் தவறு. சில வாயில்கள் மின்னேற்றவும் கோப்புகளை அனுப்பவும் மட்டுமே அமைந்தவை. வாங்குமுன் கேட்டறிதல் பணத்தைக் காக்கும்.

இப்பொழுது ஊற்றாகிய கணினியை அடைகின்றோம். முதற்கண், கணினி உயிருடன் உள்ளதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. விசைப்பலகையிலே ‘கெப்ஸ் லொக்’ என்னும் விசையை அழுத்துக. அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின், திரை இருண்டிருந்தாலும் கணினி உள்ளே இயங்கிக்கொண்டே இருக்கின்றது. நாடித்துடிப்புப் பார்ப்பது போன்றது இது. துடிப்பு உண்டாயின், பழுது படம் செல்லும் வழியிலேயே பெரும்பாலும் இருத்தல் வேண்டும்.

மேசைக் கணினியாயின் அதன் முதுகுப்புறத்தைப் பார்க்க வேண்டும். படத்துக்கென்று தனி அட்டை பொருத்தப்பட்ட கணினிகளிலே, திரையை இணைக்கும் வாயில்கள் ஈரிடங்களிலே இருக்கும். மேற்பகுதியிலே மற்றைய வாயில்களோடு ஒன்று. சற்றுக் கீழே தனியாகக் கிடையாக மற்றொன்று. தனி அட்டை உள்ளபோது கம்பியை அவ்வட்டையிலேயே செருக வேண்டும். துப்புரவு செய்தவர் கம்பிகளைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது மேலே உள்ள வாயிலிலே மாட்டிவிட்டால், எல்லாம் நலமாயிருந்தும் திரை இருண்டே கிடக்கும்.

மடிக்கணினியாயின் வேறொரு கேள்வி எழும்: படத்தைத் தன் திரையிலே காட்டுவதா, வெளித்திரையிலே காட்டுவதா, இரண்டிலும் காட்டுவதா? அதனை நாமே கட்டளையிட்டுக் கூற வேண்டும். ‘விண்டோஸ்’ விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘பி’ எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரு திரைகளும் சேர்ந்து ஒரே பெருந்திரை, வெளித்திரை மட்டும் என்பன அவை. மேல்மூடித் திரை உடைந்த மடிக்கணினியிலே அத்தெரிவுகள் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். அப்பொழுது ‘விண்டோஸ்’ விசையை விடாமலே ‘பி’யை மீண்டும் ஒருமுறை அழுத்தி, விசைகளை விட்டுச் சில விநாடிகள் பொறுத்துப் பார்க்க வேண்டும், படம் வராவிடின் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். ‘விண்டோஸ்’, ‘கொன்ட்ரோல்’, ‘ஷிப்ட்’ ஆகிய மூன்றுடன் ‘பி’ என்று தமிழிலே நாம் ஒலிக்கும் ஆங்கில இரண்டாம் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், படத்தை ஆக்கும் பகுதி மீண்டும் விழித்தெழும். முன்னைய கட்டளைக்கு உரியது ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து. பின்னையதற்கு உரியது இரண்டாம் எழுத்து. ஒலியால் ஒன்றுபோல் இருப்பதால் இவ்வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்க.

கணினியை இயக்கியவுடன் இலச்சினை தோன்றி, பின்னர் இருள் சூழ்கின்றது என்று சிலர் கூறுவர். இது மிகச் சிறந்த அடையாளம். தொடக்கத்திலே படம் வந்தது எனின் திரையும் கம்பியும் பெரும்பாலும் குற்றமற்றவை. உள்ளே மென்பொருள் எழுந்தபின், திரையாலே ஏற்க இயலாத அளவிலே படம் அனுப்பப்படுகின்றது என ஊகிக்கலாம். ‘அவுட் ஒவ் ரேஞ்ச்’ என்று திரை எழுதிக் காட்டுவதும் இதனையே. கணினிக்கும் திரைக்கும் இடையே இணைப்பின்போது ஒரு சிறு உரையாடல் நிகழ்கின்றது. ‘என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, விநாடிக்கு இத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க வல்லேன்’ என்று திரை தன் குறிப்பை 128 எண்கூறுகள் கொண்ட ஒரு சிறு ஏடாகக் கணினிக்கு அனுப்புகின்றது. அவ்வேடு வந்து சேராவிடின், கணினி தன் விருப்பப்படி ஓர் அளவைத் தெரிந்துகொள்கின்றது. மலிவான மாற்றுக் கருவியோ, ஓர் ஊசி முறிந்த கம்பியோ இவ்வேட்டைத் தடுத்துவிடலாம். வேறொரு திரையை மாட்டி, படத்தின் அளவைக் குறைத்து, புதுப்பிக்கும் வேகத்தை விநாடிக்கு 60 என அமைத்து, மீண்டும் பழைய திரையை மாட்டினால் பெரும்பாலும் குறை நீங்கும்.

கணினியே எழவில்லை, விசைப்பலகையின் விளக்கும் மாறவில்லை, உள்ளிருந்து கூக்குரல் போன்ற சிற்றொலிகள் எழுகின்றன எனின், நினைவகப் பலகையின் தொடுப்பு தளர்ந்திருத்தல் கூடும். மின்சாரத்தை முற்றாக நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டபின், அப்பலகையை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பராலே மெல்லத் துடைத்து, மீண்டும் ஒலி எழும்வரை அழுத்திப் பொருத்தினால் பல கணினிகள் உயிர்பெறும். இதனை மாணவர் தாமே செய்யாது, ஆசிரியர் முன்னிலையிலே செய்தல் வேண்டும்.

இவை அனைத்திற்கும் மேலான ஒரு விதி உண்டு: ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாற்றுக. பத்துக் கணினிகள் உள்ள ஆய்வுகூடத்திலே பழுதைக் காண்பது எளிது. நன்கு இயங்கும் திரையையும் அதன் கம்பியையும் கொண்டுவந்து, ஐயத்துக்குரிய கணினியிலே மாட்டுக. படம் வந்தால் கணினி குற்றமற்றது. பின் அக்கம்பியை வைத்துக்கொண்டு பழைய திரையை மட்டும் மாட்டுக. படம் வந்தால் திரையும் குற்றமற்றது; எஞ்சி நிற்பது பழைய கம்பியே. வராவிடின் குற்றம் திரையிலுண்டு. இரண்டு மாற்றங்களிலே மூன்று பொருள்களுள் குற்றவாளி எது என்பது தெளிவாகின்றது. எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றி, ஒருசேர மாட்டினால், பழுது நீங்கினாலும் காரணம் தெரியாது. காரணம் தெரியாத பழுது மீண்டும் வரும்போது நாம் மீண்டும் கையற்று நிற்போம்.

சபரகமுவ மண்ணுக்கே உரிய சில இடர்களையும் இங்கே கூறியாக வேண்டும். இரத்தினபுரிப் பகுதியிலே ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கின்றது. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடை மலைச்சாரல்களிலே துணியே நாட்கணக்கில் உலர்வதில்லை; உலோகத் தொடுப்புகள் மட்டும் எவ்வாறு பழுதின்றி இருக்கும்? ஈரம் படிந்து பச்சைக் களிம்பு ஏறிய ஊசி, பார்வைக்குச் செருகப்பட்டதாகத் தோன்றினும் தொடர்பைத் தராது. ஆகவே, கணினிகளைப் பயன்படுத்தாமல் மூடிவைப்பதைக் காட்டிலும் கிழமைக்குச் சில மணிநேரமேனும் இயக்குதல் நல்லது. அவற்றுள் எழும் வெப்பமே ஈரத்தை ஓட்டும். விடுமுறைக் காலமெல்லாம் பூட்டிக் கிடந்த ஆய்வுகூடத்திலே தவணையின் முதல்நாளில் பல திரைகள் இருண்டு கிடப்பது வியப்பன்று.

மழையிலும் கொடியது இடி மின்னல். மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலிலே மலைகளின்மேல் கருமேகம் திரளும்போது, சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுதல் வேண்டும். தொலைபேசி, இணையக் கம்பிகளையும் கழற்றுதல் வேண்டும். மின்னல் அவ்வழியாகவும் வரும். இடி முழங்கத் தொடங்கிய பின் கம்பிகளைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. மேகம் கறுக்கும்போதே இதனைச் செய்துவிடுக.

மின்வெட்டின் தீங்கையும் நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் நின்றதைவிட, அது மீண்டு வரும் கணமே கருவிகளுக்கு ஆபத்தானது; அழுத்தம் ஏறியிறங்கும். மின்சாரம் நின்றவுடன் பிளக்கைக் கழற்றி, மீண்டு வந்து பத்து நிமிடங்கள் கழிந்தபின் மாட்டுதல் நலம். மின்வெட்டுக்குப் பின் திரை எழவில்லையாயின், கணினி, திரை இரண்டினதும் பிளக்கைக் கழற்றி, கணினியின் இயக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்னை வடியவிட்டு, மீண்டும் இணைத்துப் பாருங்கள். எளிய இம்முறை பலமுறை பயன் தருவதுண்டு.

பழைய லயங்களின் மின்னிணைப்பிலே புவித்தொடுப்பு, அதாவது ‘ஏர்த்’ கம்பி, சரியாக இல்லாத இடங்கள் உள. கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் எறும்பு கடிப்பதுபோல விறுவிறுப்பு உண்டாயின் அது அக்குறையின் அறிகுறி. அந்நிலையிலே இயங்கிக்கொண்டிருக்கும் திரையையும் கணினியையும் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைக்க முற்பட்டால் வாயில்களே எரிந்துபோகலாம். ஆகவே, இரண்டினதும் பிளக்கைக் கழற்றி, கம்பியை இணைத்து, அதன்பின் மின்சாரம் கொடுப்பதே பாதுகாப்பு. புவித்தொடுப்பைச் செப்பனிடும் வேலை தகுதி பெற்ற மின்பணியாளருக்கே உரியது. இது கருவியைப் பற்றியது மட்டுமன்று. குழந்தைகளின் உயிரைப் பற்றியது.

நாம் செய்யக்கூடாதவற்றையும் அறிந்துகொள்க. கண்ணாடிக் குழாய் உள்ள பழைய பருத்த திரைகள் இன்னும் சில இடங்களிலே உள. பிளக்கைக் கழற்றிய பின்னும் அவற்றினுள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அவற்றின் முதுகை ஒருபோதும் திறவாதீர்கள். கணினிக்கு மின்சாரம் தரும் உட்பெட்டியையும் திறத்தல் ஆகாது. தீய்ந்த மணம் வந்தாலோ, புகை எழுந்தாலோ, உடனே மின்சாரத்தை நிறுத்தி, பழுதுபார்ப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். அவரிடம் செல்லும்போது, திரையின் விளக்கு எரிந்ததா, எழுத்து ஏதும் தோன்றியதா, எக்கம்பியை மாற்றிப் பார்த்தீர்கள், என்ன நேர்ந்தது என்பவற்றை ஒரு தாளிலே எழுதிக் கொண்டுசெல்லுங்கள். நோயாளி தன் நோயின் வரலாற்றைத் தெளிவாகச் சொன்னால் வைத்தியரின் வேலை எளிதாகும், கூலியும் குறையும்.

நேயர்களே, இனி இப்பேச்சின் உட்கருத்துக்கு வருகின்றேன். தோட்டத்திலே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம்மவர் இயந்திரங்களின் அருகேயே வாழ்ந்து வந்துள்ளனர். தேயிலைத் தொழிற்சாலையிலே உருளும் பொறிகளையும், இறப்பர்த் தகடு அழுத்தும் பொறிகளையும் இயக்கியவர்கள் அவர்களே. ஆயினும் ‘பழுதானால் தொடாதே, பெரியவர்களைக் கூப்பிடு’ என்னும் கட்டளை நம் உள்ளத்திலே ஆழப் பதிந்துவிட்டது. அக்கட்டளை இன்று பாடசாலை ஆய்வுகூடத்திலும் ஒலிக்கின்றது. ‘தொட்டால் உடைந்துவிடும்’ என்று பூட்டி வைத்த கணினி, உடையாமலே பாழாகின்றது. பரீட்சைக்குச் செல்லும் மாணவி, நூலிலே படத்தைப் பார்த்து விசைகளின் பெயரை மனனம் செய்கின்றாள். கருவி இல்லாத வறுமையைப் போக்கப் பிறர் உதவலாம். கருவி இருந்தும் அதனைத் தொட அஞ்சும் வறுமையை நாமே போக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வானொலியின் வரலாறே இதற்கொரு சான்று. 1925ஆம் ஆண்டிலே கொழும்பிலே ஒலிபரப்புச் சேவை தொடங்கிற்று. அதற்கு முன் நடந்த பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு, முதல் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளிலிருந்து கழற்றிய பாகங்களைக் கொண்டே தந்தித் திணைக்களப் பொறியியலாளர் ஒலிபரப்பியை அமைத்தனர் என்பர். பிறர் கைவிட்ட பொருளிலே எஞ்சியுள்ள பயனைக் கண்டறிந்தோரின் முயற்சியாலே எழுந்த குரலைத்தான் நீங்கள் இன்றும் கேட்கின்றீர்கள். பழைய திரையும் பழைய கணினியும் நம்மிடம் வந்து சேரும்போது அவற்றையும் அவ்வாறே நோக்குவோமாக.

ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் இரண்டு சிறு காரியங்களைச் செய்யலாம். நன்கு வேலை செய்வதென்று உறுதியான ஒரு கம்பியைச் சோதனைக்கென்றே ஒதுக்கி, பெயர் ஒட்டி, உலர்ந்த பெட்டியிலே வைக்கலாம். ஒரு குறிப்பேட்டிலே, எந்தக் கணினிக்கு எந்நாள் என்ன பழுது ஏற்பட்டது, எதனால் நீங்கிற்று என்று மாணவரைக் கொண்டே எழுதுவிக்கலாம். ஓராண்டு கழியுமுன் அக்குறிப்பேடு, எந்த நூலும் தராத பாடத்தை அப்பாடசாலைக்குத் தரும். மூத்த மாணவர் இளையோருக்கும், பிள்ளைகள் தம் பெற்றோருக்கும் அதனைக் கற்பிக்கலாம்.

மலையுச்சியிலே குழாய் வழியே நடந்து அடைப்பைக் கண்டுபிடிக்கும் பொறுமை நம்மவரிடம் உண்டு. அப்பொறுமையையே கணினியிடத்திலும் காட்டுவோம். திரை இருண்டால் அஞ்சாது, விளக்கைப் பார்த்து, எழுத்தைப் படித்து, கம்பியைச் சோதித்து, ஒவ்வொன்றாக மாற்றி, காரணத்தைக் கண்டறிவோம். நம்மால் இயலாததை இயலாதென்று தெளிந்து, உரியவரிடம் ஒப்படைப்போம். இவ்வறிவு வளருமாயின், துணி போர்த்தி மூலையிலே கிடக்கும் கணினிகள் பல மீண்டும் நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும்.